ஆயிரத்து எண்ணூறுக்குக் குறையாமல்

சொரிமுத்துவுக்கு வாய் பேசும் முன் கை பேசிவிடும். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டும் வேலை. கூலியைப் பிடித்துவைத்த காண்டிராக்டரின் பைக்கை ஒருமுறை கடப்பாறையால் நொறுக்கினான். போன மாசம் ஒரு சூப்பர்வைசரின் முன்பல் இரண்டைப் பெயர்த்தான். அதோடு எந்த சைட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை. ஆனாலும் கூலி பேசுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால்தான் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் மூன்று பேர் இன்னும் அவனோடு ஒரே அறையில் கிடந்தார்கள்.

துபாய்க்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் எவ்வளவு கேட்பது என்பதை அவனே முடிவு செய்தான். மாதம் ஆயிரத்து எண்ணூறு திர்ஹம், சாப்பாடு தனி.

“ஆயிரத்தி இருநூறுக்குப் போனா இங்கன கெடைக்கிறதுதாம்லே அங்கயும். அதுக்கு இங்கயே கெடக்கலாம். ஒருத்தன் எறங்குனாலும் ஏஜென்ட் நாலு பேரு தலையிலயும் அதையே கட்டிருவான், கேட்டியா?”

இங்கே தனக்கு வேலையே இல்லை என்பதை மட்டும் அவன் சொல்லிக்கொள்ளவில்லை. குறைக்க மாட்டோம் என்று ஆளுக்கொரு சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

தம்பானூர் லாட்ஜில் ஏஜென்ட் பிரஜின் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். முதலில் போன சொரிமுத்து ஆயிரத்து எண்ணூறைச் சொல்லிவிட்டு மிடுக்காக வெளியே வந்தான். அடுத்து வீரபாண்டி போனான். நால்வரில் இளையவன், போன வருஷம்தான் கல்யாணம் ஆனவன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வர, பின்னாலேயே பிரஜினும் வந்தான்.

“இனி ஆரும் உள்ளே வர வேண்டா. உங்க ஆளு ஆயிரத்தி இருநூறுக்கு சம்மதிச்சாச்சு. நாலு பேருக்கும் அதே ரேட்டு. நாளைக்கு சைன் பண்ணலேன்னா எனக்கு வேற ஆளுண்டு.”

கதவு மூடிக்கொண்டது. சொரிமுத்து பாய்ந்தான். வீரபாண்டியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்து ரத்தம் சுவரில் தெறித்தது. எட்டி உதைத்ததில் அவன் மாடிப்படியில் உருண்டு கீழே போய் விழுந்தான். மற்ற இருவரும் பிடிக்க வந்து ஆளுக்கொரு குத்து வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். சொரிமுத்து படியிறங்கிப் போய்க் காலை ஓங்கினான்.

“சூடம் அடிச்சியேலே, நாயே!”

“நீதான் மொதல்ல எறங்குனேன்னு அந்தாளு சொன்னான்ணே! ‘மூத்தவனே ஆயிரத்தி இருநூறுக்குச் சரின்னுட்டான், உனக்கென்னா’ன்னு கேட்டான். நான் நம்பிட்டேன்ணே!”

சொரிமுத்துவுக்கு அது காதில் விழுந்தது, புரியவும் செய்தது. ஆனால் ஓங்கிய கால் இறங்கிவிட்டது. வீரபாண்டியின் வலது மணிக்கட்டு முருங்கைக் கொம்பு ஒடிவதுபோலச் சத்தம் போட்டது.

மேலே ஓடி, பிரஜினின் கதவை முட்டி தேய்ந்து ரத்தம் வரும்வரை குத்தினான். கதவு திறக்கவில்லை. லாட்ஜ் ஆட்கள் கழுத்தைப் பிடித்துத் தெருவில் தள்ளினார்கள். தன் பெயரைச் சொல்லியே தன் ஆளைப் பிரஜின் ஏமாற்றிவிட்டான் என்ற அவமானத்தில் சொரிமுத்து அழுதான்.

மறுநாள் அதே லாட்ஜுக்குப் போனான். பிரஜின் பேப்பரை நீட்டினான். சொரிமுத்து கையெழுத்துப் போட்டான், மற்ற இருவரும் போட்டார்கள்.

அங்கிருந்து வீரபாண்டியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டு வாசலில் அவன் மனைவி மாடம்மாள் நின்றிருந்தாள்.

“எலும்புல தகடு வச்சிருக்காவ. இனி அந்தக் கையி கம்பி முறுக்க ஒதவாதாம்,” என்றாள். “நீங்க எவ்வளவுக்கு ஒத்துக்கிட்டிய அண்ணாச்சி?”

பொய் சொல்லத்தான் நினைத்தான், வாய் வரவில்லை.

“ஆயிரத்தி இருநூறு.”

அவள் விட்ட அறையில் அவன் காது அடைத்தது.

“அதைச் சொன்னதுக்கா எம் புருசன் கைய ஒடிச்சே?”

மறுபடியும் அறைந்தாள்.