நார்த்தங்காயும் என் கண்ணும்

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருப் பெண்களின் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதும் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பதும் என் வேலை. ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். வெளிச்சம் கிடைக்கும், யாரோடும் அதிகம் பேசவும் வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வெளிச்சம் போதாமல் போனது. ஊசியின் காது தெரியவில்லை. மருமகள் கார்மெண்ட்ஸ் கம்பெனி வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு கொத்து ஊசிகளில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். அவை தீர்ந்தால் அன்றைக்கு என் வேலையும் தீர்ந்தது. பிறகு கையும் சும்மா, நானும் சும்மா.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்ணில் புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார்கள். ஆனால் கையில் பட்டை கட்டிப் பார்த்த நர்ஸம்மா முகம் சுளித்தார். பிரஷர் இறங்காமல் கண்ணில் கை வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே, “உப்பு கம்மி மாடி அம்மா” என்றார் கன்னடத்தில். நர்ஸம்மா தமிழில் விளக்கினார். அப்பளம், கருவாடு, ஊறுகாய் கூடாது. கீரை, காய், பழம் நிறைய வேண்டும். சோற்றைக் குறைத்துக் கேழ்வரகு சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

“வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?”

இல்லை என்றும் தலையாட்டினேன். டாக்டர் இருக்கும் இடத்தில் கைவைத்தியத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே குழம்புதான், அதில் உப்பே கிடையாது. வேண்டுமென்கிறவர்கள் தட்டில் போட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் உப்பு வைத்திருப்பாள் மருமகள். மகன் முதல் வாய் வைத்துவிட்டுச் சொன்னான்: “இது வீடா, வார்டா?”

“ஒங்கம்மாவுக்குக் கண்ணு வேணுமா வேணாமா?” என்றாள் அவள். அவன் கிண்ணத்தை இழுத்துக்கொண்டான்.

உப்பில்லாத சோற்றை விழுங்குவது லேசில்லை. நாக்கு எதையோ தேடிக்கொண்டே இருக்கும். எலுமிச்சையும் மிளகும் போட்டுச் சமாளித்தேன். அப்பளம் பொரிக்கும் வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இவ்வளவும் செய்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனால், பிரஷர் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்காக மருமகள் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்திருந்தாள்.

திரும்பும் வழியில் அல்சூரில் பஸ்ஸுக்காக நின்றோம். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. மருமகள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“அத்தே, நெஜத்தச் சொல்லுங்க. நான் வேலைக்குப் போனப்புறம் அப்பளம் பொரிச்சுக்கிறீங்களா?”

“இல்லம்மா.”

“கருவாடு?”

“எனக்குக் கண்ணு வேணாமாம்மா? நான் திருடித் தின்பேனா?”

சொல்லும்போதே தலை சுற்றியது. எனக்குத் தலை சுற்றினால் பித்தம் என்று அர்த்தம். பித்தத்துக்கு உப்பு நார்த்தங்காய். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். வருஷா வருஷம் காயைச் சுருளாக அரிந்து, உள்ளே கல்லுப்பை அடைத்து, ஊறவைத்து, மொட்டை மாடியில் காயவைத்து ஜாடியில் போட்டுவிடுவேன். அதிலிருந்து நாலு துண்டு எப்போதும் என் சுருக்குப்பையில் இருக்கும். ஒன்றை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டேன்.

“என்னது அது?”

“மருந்துதாம்மா. நார்த்தங்கா.”

அவள் என் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நுனியைக் கடித்தாள். முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பூக்காரம்மா சிரித்துவிட்டாள்.

“ஐயோ அத்தே. இதுல இருக்கிற உப்புல ஒரு வாரத்துக்குக் கொழம்பு வைக்கலாம். ஒரு நாளைக்கு எத்தினி?”

“தல சுத்துறப்போ எல்லாம்.”

“எப்பப்ப சுத்தும்?”

யோசித்துப் பார்த்தேன். பிரஷர் என்று சொன்ன நாளிலிருந்து அடிக்கடி சுற்றியது. குழம்பில் உப்பு நின்றபின் நானும் அடிக்கடி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். சோற்றில் வருவது உப்பு, நார்த்தங்காயில் இருப்பது மருந்து. அப்படித்தான் மனசில் இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்திருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “நான் அப்பளத்துக்குப் பூட்டுப் போட்டேன். நீங்க உப்பளத்தையே இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிறீங்க.”

பையை அவளிடம் கொடுத்துவிட்டேன். அது இல்லாமல் வெளியே போகப் பயமாக இருந்தது, நடுவழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று. தலை சுற்றினால் சுவரைப் பிடித்து உட்கார்ந்து, இஞ்சி தட்டிப்போட்ட உப்பில்லாத மோரைக் கொஞ்சம் குடிப்பேன். மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை. காலையில் கேழ்வரகு ரொட்டி, மத்தியானம் கீரை, சாயங்காலம் ஒரு வாழைப்பழம். போகப் போகக் கீரைக்கே ஒரு ருசி இருப்பது தெரிந்தது. அந்த வயதில் நாக்கு புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்று நான் நினைத்ததில்லை.

அடுத்த முறை போனபோது நர்ஸம்மாவிடம் நானே வாய் திறந்து நார்த்தங்காய்க் கதையைச் சொன்னேன். சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவர் சிரித்தார். “பிரஷராலயும் தல சுத்தும்மா. மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?” பட்டையைக் கட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காற்று இறங்கும் சத்தம் கேட்டது.

“எறங்கியிருக்கு. டாக்டரப் பாத்துட்டு ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக்கங்க.”

வெளியே வந்ததும் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை விடவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் தெளிந்த பிறகு, ஜாடியில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிடலாம் என்று திறந்தேன். இத்தனை நாளும் என் கண்ணுக்கு அது கறுப்பாக ஒரு துண்டு, அவ்வளவுதான். இப்போது பார்த்தால் ஒவ்வொரு சுருளின் மேலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மருமகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் தலையணையை எடுத்தாள். “அத்தே, ஊசி கோத்து வச்சிட்டுப் போவட்டா?”

“நூல மட்டும் எடுத்து வைம்மா,” என்றேன்.