ஒன்பதாவது ஃபாரம்

எங்கள் பைண்டிங் பட்டறையில் அவளை 'வேகம்' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். மூன்று மடிப்பு மடித்தால் பக்கங்கள் வரிசைக்கு வந்துவிடும். நாங்கள் நூறு மடிப்பதற்குள் அவள் நூற்றைம்பது மடித்திருப்பாள்.

ஆளுக்கு ஒரு ஃபாரம் என்பது எங்கள் முறை. ஏழாவது ஃபாரம் எனக்கு வந்தால் வாரம் முழுக்க ஏழாவதுதான். கதையில் முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரியாது. அதைப் பற்றிக் கவலைப்பட்டது வேகம் ஒருத்திதான். மடித்துக்கொண்டே படிப்பாள்.

அந்த வாரம் வந்தது இளவயதுப் பிள்ளைகள் படிக்கும் மாயக் கதை. இரண்டு சிநேகிதிகள். ஒருத்திக்குக் காற்றை ஆளும் சக்தி கிடைக்கிறது, மற்றவளுக்கு ஒன்றும் இல்லை. வேகத்திடம் இருந்த ஒன்பதாவது ஃபாரத்தில், சக்தி கிடைத்தவள் தோழியைத் தீவில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிப் போகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பதவி வந்ததும் பழகினவ கண்ணுக்குத் தெரியல பாத்தியா" என்றாள் வேகம், எல்லோர் காதிலும் விழும்படி.

யாரைச் சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும் 'கண்ணாடி'யைத்தான். பதினைந்து வருடம் வேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். இரண்டு மாதம் முன்பு முதலாளி அவளை மேற்பார்வைக்கு வைத்தார். வாசலோரம் தனி மேஜை, சாப்பாடும் அங்கேயே. அன்றோடு பேச்சு நின்றது. வேகம் அவளை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் கண்ணாடியின் முகம் வாடிப்போகும். இவர்கள் மறுபடி சேர வேண்டும் என்று நான் தினமும் கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை, கதையிலே மூழ்கிப்போய் வேகம் தாளைத் தலைமாற்றி வைத்து மடித்துவிட்டாள். ஒன்றிரண்டு இல்லை, முந்நூறு தாள். கட்டு கண்ணாடியின் மேஜைக்குப் போனதும் அகப்பட்டது. தப்பு வேலை நோட்டில் மூன்று முறை பெயர் ஏறினால் வேலை போய்விடும். அவசரத்தால் வேகத்துக்கு ஏற்கெனவே இரண்டு ஏறியிருந்தது.

"எழுதுங்க மேடம்" என்றாள் வேகம். மேஜை முன்னால் வந்து நின்றிருந்தாள்.

கண்ணாடி நோட்டைத் திறக்கவில்லை. "தையலுக்குப் போனாத்தான்டி தப்பு வேலை. இது என் மேஜையைத் தாண்டவே இல்லையே. பிரிச்சு மடிச்சாப் போச்சு."

சொல்லிவிட்டு அவளே வேகத்துக்கு ஒரு ஸ்டூலைத் தன் மேஜையோரம் இழுத்துப் போட்டுப் பாதிக் கட்டை எடுத்துக்கொண்டாள். இருவரும் பிரித்துப் பிரித்து மடித்தார்கள். முதலில் வாய் திறந்தது வேகம்தான்.

"அந்தப் பாவி தோழியைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டா."

"விட்டுட்டுப் போகல. எல்லா ஃபாரமும் என்கிட்டத்தானே வருது. எதிரிப்படையைத் தன் பின்னாடி இழுத்துட்டுப் போறா. திரும்பிப் பாத்தா தீவுல ஆள் இருக்கறது தெரிஞ்சிடும். பத்தாவதுல இருக்கு."

வேகத்தின் கை நின்றது. "அதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாயா தேஞ்சிடும்?"

"சொல்லியிருக்கணும்தான்." கண்ணாடி தாளைப் பார்த்தபடியே பேசினாள். "மேஜையை விட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. சாப்பாடு தொண்டையில இறங்கல. உன்கிட்ட வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"என்கிட்டயா வெக்கம்? நல்லா இருக்குடி உன் நியாயம்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வேகம் தன் டப்பாவோடு வாசலோர மேஜைக்குப் போனாள்.

"முதலாளி பாத்தா என்னடி சொல்லுவார்?" என்றாள் கண்ணாடி.

"நீ எழுந்திருக்கக் கூடாதுன்னுதானே சொன்னார்? நான் வரக் கூடாதுன்னு சொல்லலையே. நகரு. முதல் ஃபாரத்துலேருந்து சொல்லு, ஒண்ணு விடாம."

கண்ணாடி நகர்ந்து இடம் கொடுத்துக் கதையை ஆரம்பித்தாள். எனக்கும் கேட்க ஆசையாக இருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.