அறுபத்து நான்கு தப்புகள்

போன செவ்வாய்க்கிழமை என் மகளின் படிப்பை நானே கவிழ்க்கப் பார்த்தேன்.

நித்யா எம்.டெக். கடைசி வருஷம். மூச்சுக்காற்றை அளக்கும் பொடி சிப் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைந்திருக்கிறாள். அதைச் செய்து தரும் ஃபேக்டரிக்கு அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஃபைல் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து... அதற்குள் படிப்பே முடிந்துவிடும்.

காலையில் எங்கள் செம்பூர் பில்டிங்கில் நெட் இல்லை. அவளுக்கோ காலேஜில் வைவா பரீட்சை. "நெட் வந்ததும் அனுப்பிடும்மா, ஸ்க்ரீன்லயே இருக்கு" என்று சொல்லிவிட்டு ட்ரெயினுக்கு ஓடினாள்.

நெட் வந்தபோது ஸ்க்ரீனில் இரண்டு ஃபைல்கள். ஒன்றில் அறுபத்து நான்கு பிழைகள் என்று சிவப்பில் காட்டியது. இன்னொன்றில் பூஜ்யம். இன்ஷூரன்ஸ் ஆபீசில், ஓர் அடித்தல் இருந்தாலும் ஃபாரத்தைத் திருப்பி அனுப்புகிறவள் நான். எதை அனுப்பியிருப்பேன்?

பதினொன்றரைக்கு நித்யா போன் செய்தாள். தப்பே இல்லாததை அனுப்பிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அம்மா... அது சாதா சிப்மா. அதுல என் பாலமே நிக்காது."

பிறகு அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஃபேக்டரி எல்லா சிப்பையும் ஒரே முறையில்தான் செய்யும். மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு பூசி மூடிவிடும். இவள் அந்தப் பூச்சில் வேண்டுமென்றே ஓட்டைகள் விடுகிறாள். சிப் கைக்கு வந்ததும், ஓட்டை வழியாக ஒரு திரவத்தை விட்டு அடியில் இருக்கும் சிலிக்கானைக் கரைத்தால், முடியைவிட மெல்லிய பாலம் ஒன்று அந்தரத்தில் நிற்குமாம்; மூச்சை அளப்பதே அதுதானாம். ஃபேக்டரி விதிப்படி ஒவ்வோர் ஓட்டையும் ஒரு பிழை. நான் அனுப்பியதோ, ஓட்டைகளை மூடிவிட்டு மற்றதைச் சரிபார்க்க அவள் வைத்திருந்த காப்பி.

தப்பு இருந்தால்தான் சரியா?

முதலில் அனுப்பியதற்குப் பதிலாகச் சரியான ஃபைலை ஏற்றினேன். அறுபத்து நான்கு பிழைகள் இருக்கின்றனவே, நிச்சயமாக அனுப்பவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மணி பதினொன்று ஐம்பது. அதை அப்படியே போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"டென்ஷன் மத் லோ அம்மா, பயப்படாம அழுத்து. எல்லாம் தெரிஞ்சு போட்ட தப்புதான்."

அழுத்தினேன்.

மறுநாள் ஃபேக்டரியிலிருந்து பட்டியல் வந்தது — ஒவ்வொரு பிழைக்கும் காரணம் எழுத வேண்டுமாம். நித்யா கடகடவென்று 'தெரிந்தே செய்தது', 'தெரிந்தே செய்தது' என்று நிரப்பிக்கொண்டே போனாள். ஐம்பத்தெட்டாவதில் நின்றாள்.

"அர்ரே... இது நான் போட்டதில்லையே."

நல்லவேளை, திருத்த இரண்டு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். திருத்திவிட்டாள்.

இவளை வளர்த்ததில் நான் செய்த தப்புகளுக்கும் யாராவது இப்படி ஒரு பட்டியல் அனுப்பினால் தேவலை!