எக்கோ இல்லாத ஜெயராணி

கண்டி மஹய்யாவையைச் சேர்ந்த ஜெயராணி பத்தொன்பது வருஷம் ராஜலிங்கத்தின் இசைக்கோஷ்டியில் பாடினாள். கல்யாண வீடு, கோயில் திருவிழா, சாமத்திய வீடு என்று கண்டியைச் சுற்றி அவள் பாடாத ஊர் குறைவு. அவளைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. மேடையின் இரண்டு பக்கமும் ராஜலிங்கம் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பொக்ஸ்களை அடுக்குவார். அந்த அடுக்குக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். அதுதான் ஜெயராணியின் இடம். முன்னால் நின்று கையை ஆட்டுவது ராஜலிங்கம். பெண் குரல் வரும்போதும் சனம் ராஜலிங்கத்தின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பாவம், சனம் என்ன செய்யும்?

பகலில் அவளுக்குக் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. புடவையை விரித்துக் காட்டுவாள், மடித்து வைப்பாள், மடிக்கும்போது வாய்க்குள் எதையாவது முணுமுணுப்பாள். கடை முதலாளிக்கு அதில் ஆட்சேபனை இல்லை. கடைக்குள் மின்விசிறி சத்தத்தைவிட அது பரவாயில்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

போன மாதம் ஒத்திகையில் வைத்து அவள் ராஜலிங்கத்திடம் ஒரு சின்ன விஷயம் கேட்டாள். தன் கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடலாமா என்று. அவ்வளவுதான். மனுஷன் பெரிதாகச் சிரித்தார்.

"முன்னால வந்து என்னா செய்யப் போற? ஒன் கொரல்ல என்னா இருக்கு ஜெயராணி? எல்லாம் என் சவுண்ட் செட்டுல இருக்கு. எக்கோவைக் கொஞ்சம் கூட்டுனா எவ பாடுனாலும் அப்படித்தான் கேக்கும்."

ஜெயராணி குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தவள்தான், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. நாற்பத்தாறு வயதில் வந்த வீறாப்பு. ஆனால் வீட்டுக்கு வந்து படியேறும்போதே ஒரு சந்தேகமும் கூடவே ஏறி வந்தது. அந்த மனுஷன் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? பத்தொன்பது வருஷமும் பாடியது செட்தான் என்றால்? இதை யாரிடம் போய்க் கேட்க முடியும்?

இந்த நேரம் பார்த்துத்தான் தெல்தோட்டையிலிருந்து யசோதினி டீச்சர் புடவை எடுக்க வந்தார். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கு. எட்டாவது புடவையை மடிக்கும்போது அவளுடைய முணுமுணுப்பைக் கேட்ட டீச்சர் திடீரென்று, "நீங்க எங்கயாவது பாடுவீங்களா?" என்று கேட்டார். வாற ஞாயிற்றுக்கிழமை. ஐம்பது பேர்தான். சின்ன ஹோல். பெரிய கோஷ்டியெல்லாம் சரிவராது, நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

"பொக்ஸ் இருக்குதானே?"

"இருக்குங்க," என்றாள் ஜெயராணி. அவளிடம் அப்போது இருந்த பொக்ஸ், புடவை வைக்கும் அட்டைப் பொக்ஸ் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் பின்னேரம் புருஷன் கணேஸை இழுத்துக்கொண்டு கொழும்பு வீதியில் பஹீமின் மாடிக் கடைக்குப் போனாள். கணேஸ் த்ரீவீலர் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், ஆனால் வாட்ஸ் என்ற சொல்லைக் கேட்டால் நிதானம் போய்விடும். மூன்று நாளாக போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பெண்டாட்டியைவிடத் தனக்குத்தான் கச்சேரி என்கிற நிலைமைக்கு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் நேராகப் போய், சக்கரம் வைத்த, முகத்தில் வர்ணவர்ணமாக லைட் சுற்றுகிற ஒரு ராட்சதப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயாயிரம் வாட்ஸ்! இதான் வேணும்!"

"அண்ணே, அது அட்டையில அடிச்சீக்கிறது," என்றார் பஹீம். சாந்தமான ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடியே பேசுவார். "பின்னால ஸ்டிக்கரைப் பாருங்க. அறுபது. லைட்டுக்குத்தான் நீங்க சல்லி குடுப்பீங்க. அக்கா, நீங்க சொல்லுங்க. எங்க பாடப் போறீங்க, யார் தூக்கப் போறது?"

யார் தூக்கப் போறது என்று இதுவரைக்கும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஜெயராணிக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. "நாந்தான் தூக்கணும். இவருக்கு இடுப்புப் பிடிப்பு. எங்க வீட்டுக்கு எழுபத்திரண்டு படி."

சொன்னதோடு நிற்கவில்லை. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பொக்ஸாகத் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியில் இறங்கி ஏற ஆரம்பித்துவிட்டாள். முதலாவதோடு மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். இரண்டாவதோடு கீழே போனாள், திரும்பி வரவில்லை. பஹீம் போய் வாங்கிவர வேண்டியதாயிற்று. கீழே சப்பாத்துக் கடைக்காரர் வெளியே வந்து, பொக்ஸ் கடையில் ஏதாவது சண்டையா என்று விசாரித்தார். மூன்றாவது, கைபிடி வைத்த சின்னக் கறுப்பு பொக்ஸ். எட்டுக் கிலோ. பட்டரி உள்ளேயே இருக்கிறது, ஐந்து மணித்தியாலம் நிற்கும், இரண்டு மைக் போடலாம். அதோடு இறங்கினாள், ஏறினாள், மூச்சும் வாங்கவில்லை. விலையும் அவள் கொண்டுவந்த நாற்பத்தையாயிரத்துக்குள் அடங்கியது.

"இனிப் பாடிப் பாருங்க," என்று பஹீம் மைக்கை நீட்டினார்.

ஜெயராணி கண்ணை மூடிக்கொண்டு முருகன் மேல் ஒரு விருத்தத்தின் முதல் அடியைப் பாடினாள். பாடி முடித்ததும் கண்ணைத் திறந்து பொக்ஸை முறைத்தாள்.

"இது பிழையான பொக்ஸ்."

"என்னா பிழை?"

"கொரல் மொட்டையா வருது. தனியா நிக்குது."

பஹீம் நடுத்தரமான இன்னொன்றில் வயரைச் சொருகினார். பாடினாள். அதுவும் பிழை. சரி, அண்ணனின் ஆசைக்கு அந்த ராட்சதனிலும் பார்ப்போம் என்று அதில் போட்டார். லைட் சுற்றியது, குரல் அதே மொட்டைதான். ஜெயராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னாங்க கடை இது? ஒன்னுகூட ஒழுங்கா இல்ல!"

பஹீம் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மூணு பொக்ஸும் ஒரே பிழையைச் செய்யுமா?"

ஜெயராணிக்கு விளங்கிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவள் தன் குரலை ராஜலிங்கத்தின் எக்கோ இல்லாமல் ஒரு பொக்ஸில் கேட்டதே இல்லை. இப்போது கேட்டது, அவளுடைய சொந்தக் குரல். அந்த மொட்டைதான் அவள். அப்படியென்றால் அந்த மனுஷன் சொன்னது சரியா? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணேஸ்கூட வாட்ஸை மறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதுல எக்கோ இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தச் சின்ன பொக்ஸின் முதுகில் ஒரு குமிழ் இருந்தது. அதை அவள் கடைசிவரை திருகினாள். மறுபடி பாடினாள். அப்பாடா! பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் நாலாய்ப் பெருகி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது.

"சின்ன ஹோலுல இவ்வளவு வெச்சா கத்தும் அக்கா," என்றார் பஹீம்.

"கத்தட்டும்," என்று சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு, பொக்ஸைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள் ஜெயராணி.

ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலரில் கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போனார்கள். பொக்ஸ் ஜெயராணியின் மடியில். கணேஸ் தொப்பி ஒன்று போட்டு வந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, சவுண்ட் பார்க்கிறவர்கள் தொப்பி போடுவார்கள் என்றார்.

ஹோல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் வெறும் சுவர். பிள்ளையை மணையில் இருத்தினார்கள், டீச்சர் கண் காட்டினார், ஜெயராணி வாயைத் திறந்தாள்.

ஊஊஊ என்று ஒரு ஊளை. ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண் தட்டைப் போட்டுவிட்டாள். இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன. தொப்பிக்காரர் பாய்ந்துபோய் எக்கோவைக் கொஞ்சம் குறைத்தார். மறுபடி பாடினாள், மறுபடி ஊளை. இன்னும் குறைத்தார். ஊளை மெலிந்து விசிலானது. சனம் காதைப் பொத்தியபடி சாப்பாட்டுப் பக்கம் நகர ஆரம்பித்தது.

"முழுசாக் கொறைச்சாத்தான் நிக்கும் போல," என்று கணேஸ் மெதுவாகச் சொன்னார்.

"வேணாங்க." அவள் மைக்கைக் கையால் பொத்தினாள். "அந்த மொட்டைக் கொரலோட என்னால ஏலாது."

"எனக்கு அந்தக் கொரலைத்தான் இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்," என்றார் கணேஸ். "குசினியில சமைக்கிறப்ப பாடுறது அதானே?" சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் குமிழைச் சுழியத்துக்குத் திருகிவிட்டார்.

இனி என்ன செய்வது? மைக் கையில் இருக்கிறது, ஐம்பது பேர் பார்க்கிறார்கள். பாடினாள். மகளைப் பார்த்து ஒரு தாய் பாடுகிற பாட்டு. முதல் இரண்டு வரியும் பயத்தோடு போனது. மூன்றாவது வரியில் யசோதினி டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றியதைப் பார்த்தாள். சொல் விளங்கினால்தானே அழுகை வரும்! பாயாசம் பரிமாறப் போனவர் வாளியோடு நடுவில் நின்றுவிட்டார். சாப்பாட்டுப் பக்கம் போன சனம் தட்டோடு திரும்பி வந்தது. ஜெயராணி தன் குரலைத் தானே கேட்டபடி, அது தனியாக நின்றாலும் விழவில்லை என்பதைக் கண்டுகொண்டு, பதினோரு பாட்டுப் பாடினாள். செய்ய வேலை எதுவும் இல்லாமல் கணேஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு அம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லாப் பாடுன தாயி. ஒன்னு கேக்குறேன். ராஜலிங்கம்னு ஒருத்தர் கோஷ்டி வெச்சிருக்காரு, தெரியுமா? எங்க மூத்தவ கல்யாணத்துக்கு அவங்கதான் வந்தாங்க. அதுல பொக்ஸுக்குப் பின்னால இருந்து ஒரு பொம்பள பாடுனா பாரு, கெணத்துக்குள்ள விழுந்தவ கத்துற மாதிரி. ஒரு வார்த்த வெளங்கல. அவளுக்கு நீ கொஞ்சம் சொல்லிக் குடுக்கக்கூடாதா?"

கணேஸ் வாயைத் திறந்தார். ஜெயராணி அவர் காலை நன்றாக மிதித்தாள். பிறகு பொக்ஸைக் கைபிடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டாள்.

"அந்தப் பொம்பள நல்லாத்தான் பாடுவா அம்மா," என்றாள். "அந்தச் செட்டுதான் சரியில்ல."