சட்டைக் காலரின் உட்புறம்

போன வாரம் பெங்களூரில் பீன்யாவிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். எதிரில் ஒரு இளைஞன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கறுப்பு டி-ஷர்ட். நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரே ஒரு எழுத்து, 'ழ'. காதில் எதையோ செருகிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள், எந்த நிறுத்தத்தில் இறங்குவான், கூடவே யார் இறங்குவார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பையை எடுத்து நெஞ்சுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளப்பா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை. ஒரு அம்மா கன்னடத்தில் வழி கேட்டார், அவனும் கன்னடத்திலேயே பதில் சொல்லி ஒதுங்கி நின்றான். அவ்வளவுதான். நான் இறங்கி, படியேறி, வெளியே வந்து, பூக்கடைக்கு முன்னால் நின்றபோதுதான் கவனித்தேன்: என் வலது கை அவ்வளவு நேரமும் பின்கழுத்தில் காலரைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது.

இதை உங்களுக்கு விளக்கவேண்டும் என்றால் தேவராஜிலிருந்து தொடங்கவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் என் உடுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. தேவராஜின் பக்கத்தில் நிற்கவைத்தால்தான் அது புரியும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பத்தூர்ப் பக்கம். ஒரு இடத்தில் தரிக்காத கால். ஆம்பூரில் தோல் மண்டி, ஓசூர்ப் பக்கம் கல் குவாரி, நடுவில் கொஞ்ச நாள் லாரியில் கிளீனர் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் பெங்களூருக்கு வந்து விழுந்தேன். நாகரிகம் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்; அது கழற்றிப் போட்டது என்னிடம் வந்து சேரும். ஊரெல்லாம் பெல்பாட்டம் போட்டபோது எனக்கு அரைக்கால் டிரவுசர். ஊர் பெல்பாட்டத்தை விட்டபோது எனக்கு முதல் பெல்பாட்டம் கிடைத்தது. அது தெருவைக் கூட்டிக்கொண்டே வரும். இடுப்பில் பிளீட் வைத்த பேகி பேன்ட் காலத்தில் நான் அந்தப் பெல்பாட்டத்தையே கீழே மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பீன்யாவில் எனக்கு பஃபிங் வேலை. குழாய், கைப்பிடி இதையெல்லாம் மெழுகு பூசிய சுழலும் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குவது. அந்த மெழுகு வாசனை கறுப்பாக மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாப்பாடு, தலையணை எல்லாமே அந்த வாசனைதான். தேவராஜுக்கும் எனக்கும் ஒரே அறை, ஒரே ஊர்ப் பக்கம், ஏறக்குறைய ஒரே வயது. அவன் லேத் ஓட்டுபவன். நாள் முழுக்க எண்ணெயில் நின்றுவிட்டு, சாயங்காலம் குளித்து, பவுடர் போட்டு, மடிப்புக் கலையாத சட்டையில் தெருவுக்கு வந்தால் அவனை லேத்காரன் என்று பெற்ற தாய்கூடச் சொல்லமாட்டாள். பெங்களூரில் தையல்காரருக்கா பஞ்சம்? ஆனால் பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போய் தன் டெய்லரிடம்தான் தைத்துக்கொண்டு வருவான்.

"இங்கத்துக் கட்டிங்கு தோள்ல நிக்காதுடா. நம்ம ஆளு கையில தச்சா சட்டை தானே நடந்து போவும்" என்பான்.

அந்த டெய்லர் சட்டையின் காலருக்கு உட்புறம் ஒரு லேபிள் வைத்துத் தைப்பார். மஞ்சள் பட்டுத்துணியில் சிவப்பு நூலால் தமிழில் கடையின் பெயர், கீழே 'திருப்பத்தூர்'. அந்தக் காலத்தில் எல்லா டெய்லரும் அப்படித்தான். அது கடைக்கு விளம்பரம், போடுகிறவனுக்குக் கௌரவம். தேவராஜ் காலருக்குள் கைக்குட்டையை மடித்து வைக்கும்போது லேபிள் கசங்காமல் பார்த்து வைப்பான்.

என் சட்டைகளுக்கு வருகிறேன். கம்பெனியில் வேலை இல்லாத நாட்களில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனேன். ஸ்டெல்லா அம்மா என்று ஒரு வயதான தமிழ்க் கிறிஸ்தவ அம்மாள். மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். வேலை முடிந்த அன்று, காலமான தன் கணவரின் பீரோவைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளேயிருந்து சட்டைகளை எடுத்து என் கையில் அடுக்கினார். நாய்க்காது மாதிரி தொங்கும் பெரிய காலர்கள், கட்டம், பூ, வட்டம். தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்தில் ஏதோ பெரிய கடையில் தைத்தவை. லேபிள் முழுக்க ஆங்கிலம். ஒன்றை என்னைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

"அவரு போட்டா துரை மாதிரி இருப்பாரு. உனக்கு என்னடா, துடைப்பத்துக்கு உறை போட்ட மாதிரி இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எத்தனை முறை துவைத்தாலும் அந்தப் பாச்சை உருண்டை வாசனை போகவில்லை. தேவராஜ் என்னோடு ஒரே வரிசையில் நடக்கமாட்டான். "பத்தடி தள்ளி வாடா, செத்துப்போன துரையோட பேய் வருதுன்னு ஜனங்க ஓடப்போறாங்க" என்பான்.

அப்போதுதான் அந்தத் தண்ணீர்த் தகராறு வந்தது. எந்த வருடம், யார் ஆரம்பித்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது எங்கள் சந்து மட்டும். கம்பெனிகளை மூடினார்கள். சந்தில் தமிழ் பேசுகிறவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். வானத்தில் எங்கோ ஒரு பக்கம் எப்போதும் டயர்ப் புகை நின்றது. ரேடியோவைக்கூடச் சத்தம் குறைத்துத்தான் வைத்தோம். எனக்கு ஊர் சுற்றியதில் உடைந்த கன்னடமும் கொஞ்சம் உருதும் கைவசம். தேவராஜுக்கோ சாப்பாடு ஆச்சா, வேண்டாம், ஆமாம் என்பதற்கு 'ஊட்ட ஆய்த்தா', 'பேடா', 'ஹௌது' தாண்டி ஒன்றும் வராது. லேத் பட்டறையில் எல்லோரும் நம் ஆட்கள், அவனுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. எவனாவது நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தான். அவனை எப்படி ஓசூர் எல்லை தாண்டவைப்பது என்பதுதான் எனக்கு ஒரே யோசனை.

காலரைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்ற செய்தி அப்போதுதான் வந்தது. தமிழ் ஆளா என்று பார்க்க பஸ்ஸை நிறுத்தி, பேசச் சொல்லிக் கேட்கிறார்கள், சந்தேகம் வந்தால் காலரைத் திருப்புகிறார்கள். தேவராஜ் பெட்டியைத் திறந்து எல்லாச் சட்டைகளையும் பாயில் போட்டான். சவரப் பிளேடை ஒடித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். துணியில் ஒரு இழையும் அறுபடாமல் லேபிளைப் பிரிக்கவேண்டும் என்று அவன் பிடிவாதம். அந்த நிலைமையிலும் "மெதுவாடா, துணியப் புடிச்சி இழுக்காத" என்று என்னை அதட்டிக்கொண்டே இருந்தான். பிரித்த லேபிள்களை ஸ்டவ்வில் காட்டி எரித்தோம். பட்டு பொசுங்கும் நாற்றம் அறை முழுக்க நின்றது.

மறுநாள் காலை பஸ் ஓடுகிறது என்று தெரிந்து கிளம்பினோம். வீட்டுக்காரம்மா கௌரம்மா வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார். கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசி அவர் தமிழும் என் கன்னடமும் ஒரே அளவுக்குக் கெட்டுப்போயிருந்தன. தேவராஜின் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். அருகே வந்து, தன் பிள்ளைக்குச் செய்வதுபோல் காலரைப் பின்னால் மடக்கினார்.

"அய்யோ தேவரே! ஏனப்பா இது, கட் மாடிட்டீங்களா?"

"ஆமாம்மா. தமிழ்ல இருந்திச்சி."

"தமிழ்ல இருந்தா யாவூருன்னு கேட்பாங்க. கட் பண்ணியிருந்தா கேட்கவே மாட்டாங்க, நேரா அடிதான். நம்ம தம்பி நேத்து கண்ணால நோடிட்டு வந்து சொன்னான். இதைத்தான் தேடறாங்க. பார், பார், எப்படித் தெரியுதுன்னு!"

சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தோம். நீலச் சட்டை. துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. லேபிள் இருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. தைத்து வாங்கிய நாளின் நீலத்தில் ஒரு சின்னச் செவ்வகம், சுற்றிலும் வரிசையாக ஊசி ஓட்டைகள். பெட்டியில் இருந்த எல்லாச் சட்டைகளிலும் அதே செவ்வகம். எங்கள் கையாலேயே, அவ்வளவு பொறுமையாக, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி வைத்திருந்தோம்.

தேவராஜ் கீழே உட்கார்ந்துவிட்டான். முதன்முதலாக அவன் முகத்தில் பவுடர் தனியாகவும் தோல் தனியாகவும் தெரிந்ததைப் பார்த்தேன்.

கௌரம்மா என்னைக் காட்டினார். "இவன் போடறானே, அந்த தாத்தா ஷர்ட்டு. அதைப் போடுங்க. இங்கிலீஷ் இருக்குதில்ல?"

இப்படியாக ரிச்சர்ட்ஸ் டவுன் துரையின் பூப்போட்ட சட்டைக்குள் தேவராஜ் புகுந்தான். நான் கட்டம் போட்டதில். அந்தத் துரையும் நம்மைப் போலத் தமிழர்தான் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மார்க்கெட்டில் மாறி, ஓசூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆனேக்கல் போகிற பஸ் பிடித்தோம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஒரு குழந்தை ஏதோ கேட்டது, தாய் அதன் வாயில் பிஸ்கட்டைத் திணித்தாள். எந்த மொழியில் கேட்டது என்று எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஆனேக்கல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சாலையின் குறுக்கே கல்லும் மரக்கிளையும் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். முன்னால் வந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். வெளுத்த ஸ்டோன்வாஷ் ஜீன்ஸ், தொளதொள சட்டை, அந்த வருடத்தின் புது மோஸ்தர் முழுக்க அவன் மேல் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். பயத்திலும் கண் துணியைத்தான் பார்க்கிறது.

என் பின்கழுத்தில் ஒரு விரல் நுழைந்தது. காலரைத் திருப்பியது. மண்ணெண்ணெய் வாசனை. விரல் சில்லென்றிருந்தது. அது லேபிளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அது முழுதாகப் போய்விட்டதாகத் தோன்றவில்லை.

அடுத்து தேவராஜ். காலரைத் திருப்பினான், ஆங்கில லேபிளைப் பார்த்தான், விட்டான். விட்டவன் மறுபடி அந்தக் காலரைத் தூக்கிப் பிடித்தான். மூக்கைச் சுளித்தான்.

"இதேன் குரு! நிம் தாத்தன் ஷர்ட்டா?" உன் தாத்தா சட்டையா என்று கேட்கிறான்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் அவனை நிமிர்ந்து பார்த்தான். கேள்வி அவனுக்குப் புரிந்திருக்காது. காலரைப் பிடித்து ஆட்டுவது மட்டும் புரிந்தது. தைத்த தையல் ஒரு நூல் கோணினால் டெய்லரோடு மல்லுக்கு நிற்பவன், அடக்கமாகத் தலையை ஆட்டி, "ஹௌது" என்றான்.

பஸ்ஸே சிரித்தது. அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சையெல்லாம் ஜனங்கள் சிரிப்பாக விட்டார்கள். ஜீன்ஸ்காரனும் சிரித்துவிட்டு தேவராஜின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்னால் போனான். கடைசி இருக்கையில் ஒருவர், வெள்ளைச் சட்டை, நல்ல தையல். அவர் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து இறக்கினார்கள். கண்டக்டர், "ஹோக்லி பிட்ரப்பா, பாவம், வயசாதவரு" என்று, வயதானவரை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். பிறகு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

ஆனேக்கல்லிலிருந்து வயல் வழியாகப் பலரோடு சேர்ந்து நடந்தோம். எல்லை தாண்டி முதல் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்கு நான் அர்த்தம் சொன்னதும் தேவராஜ் சிரிக்க ஆரம்பித்தான். "தாத்தா சட்டையான்னுதானடா கேட்டான்? தாத்தா சட்டையா!" என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். நான் டீயோடு காத்திருந்தேன்.

நான் திரும்பி வந்துவிட்டேன். வேலை இங்கேதான் இருந்தது. நகரமும் பழையபடி ஆகிவிட்டது, கௌரம்மா அதே அறையைக் கொடுத்தார். பேகி போய் டைட் வந்தது, இடுப்பு இறங்கியது, கழுத்தில் அட்டை தொங்கும் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், முழங்காலில் கிழித்த ஜீன்ஸ் வந்தது, இப்போது பெல்பாட்டமே திரும்பி வந்து மறுபடி தெருவைக் கூட்டுகிறது. காலருக்குள் ஊர் பெயரைத் தைக்கும் டெய்லர்கள் ஜிப்பு மாற்றவும் நீளம் குறைக்கவும் போய்விட்டார்கள். நான் எந்தச் சட்டையிலும் லேபிளை வெட்டமாட்டேன். உறுத்தி உறுத்திக் கழுத்து சிவந்து கிடக்கும். "அதை வெட்டித் தொலையேன்" என்று மனைவி கத்தரிக்கோலோடு வந்தால் அறையை விட்டே எழுந்து போய்விடுவேன்.

தேவராஜ் திரும்பி வரவேயில்லை. திருப்பத்தூரிலேயே ஒரு மாவு மில்லில் சேர்ந்தான். பல வருடம் கழித்து ஊரில் ஒரு கல்யாணத்தில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். சாம்பல் நிறச் சட்டை, அதைவிடச் சாம்பலாக ஒரு பேன்ட். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"என்னடா இது, ரேஷன் கடையில குடுத்தாங்களா?" என்றேன்.

"ரெடிமேடுடா. ஒரே கலர்ல அஞ்சாறு எடுத்து வச்சிக்கறது. யோசிக்க வேணாம்."

"உங்க டெய்லரு? கடை இருக்குதா, இல்ல?"

"இருக்குது. நான்தான் போறதில்ல."

"ஏன்டா?"

மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அளவெடுக்கறப்ப பின்னாடி நின்னு கழுத்துல கை வெப்பாருல்ல" என்றான். பிறகு, "வாடா, பந்தி போட்டுட்டாங்க" என்று எழுந்தான்.

சாப்பிட்டுக் கைகழுவித் திரும்பியபோது அவனைக் காணவில்லை. சொல்லிக்கொண்டு போகமாட்டானா என்று தேடினேன். மண்டபம் முழுக்க மங்கலான நிறங்களில் ஒரே மாதிரிச் சட்டைகள் போட்ட ஆண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே வாசல்வரை போனேன். எது தேவராஜ் என்று சொல்ல முடியவில்லை.