வேணி அக்கா போட்ட எட்டு

முதன்முதலில் பார்த்த அன்றே வேணி அக்கா என் செருப்பைக் கழற்றச் சொன்னார். வையம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற நிமிர்வோடு, ஸ்ரீரங்கத்தில் அவர் நடத்தும் பயிற்சிக் கூடத்துக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன். சான்றிதழைப் பார்க்கவில்லை. தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சாய்ந்தேன்.

"டிகிரி வாங்கின காலு, ஒரு கோட்டுல நிக்க மாட்டேங்குதே தம்பி!"

திருவெள்ளறையில் பிறந்து, கபடி ஆடி, உடற்கல்வி படித்தவர். அவரிடம் வருபவர்கள் எழுத்தை மாற்றிப் போடும் பிள்ளைகள், இரண்டு நிமிடம் உட்கார முடியாத பிள்ளைகள். வலது கையால் இடது முழங்காலைத் தொடவைப்பார். தரையில் பெரிய எட்டு வரைந்து அதன்மேல் நடத்துவார்.

"நடந்தா படிப்பு வந்துரும்னு நான் யாருக்கும் சொல்றதில்ல. உடம்பு ஒரு நெலைக்கு வந்தா, உக்காந்து படிக்கவாவது முடியும்."

நான் சேர்ந்த இரண்டாம் மாதம், ஏழு வயது ரங்கநாயகியின் அப்பா அழகிரி வந்து நின்றார்.

"ஆறு மாசமா கூட்டிட்டு வரேன் டீச்சர். இன்னிக்கு என் கண்ணு முன்னாடி அந்த எட்ட நடக்கட்டும். இல்லேன்னா இதோட நிறுத்திக்கிறேன்."

முந்தின வாரம்தான் அவள் முதல்முறையாக விழாமல் நடந்திருந்தாள். இப்போது நிறுத்தினால் அத்தனையும் போச்சு. பார்த்தால் சாக்பீஸ் தீர்ந்திருந்தது. நான் ஓடிப்போய்க் கோலமாவு வாங்கி வந்தேன். அக்கா அதில் எட்டு போட்டார்.

ரங்கநாயகி கோடு வரை வந்து காலை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறையும்.

"பாத்தீங்களா? எத்தன சொன்னாலும் மண்டையில ஏறாது" என்றார் அழகிரி.

"நடம்மா!" அக்காவின் குரல் உயர்ந்தது. பிள்ளை அப்பாவின் பின்னால் ஒதுங்கினாள். அழகிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டார். அக்கா குறுக்கே போய் மண்டியிட்டார்.

"ஏன் கண்ணு, கால் வலிக்குதா?"

"கோலத்த மிதிச்சா அப்பா திட்டுவாங்கல்ல."

அதையே கேட்டு வளர்ந்த பெரியவர்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா ஈரத்துணியால் மாவைத் துடைத்தார். கொடிக்கயிற்றை அவிழ்த்து எட்டாகக் கிடத்தினார். ரங்கநாயகி ஏறி நடந்தாள். கயிறு குறுக்கிடும் இடத்தில் தடுமாறினாள். அழகிரியின் கை நீண்டது.

"தொடாதீங்க" என்றார் அக்கா.

அவள் கைகளை விரித்து நின்றாள். வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு மிச்சத்தையும் நடந்து முடித்தாள்.

அழகிரி மகளின் செருப்பை எடுத்து வைத்தார். "திங்கக்கெழம எத்தன மணிக்குங்க வரணும்?"

வேணி அக்கா இப்போதும் அதே கூடத்தில்தான் இருக்கிறார். சனிக்கிழமைகளில் ஆற்றுக்குத் தெற்கே கே.கே. நகரிலும் வகுப்பு எடுக்கிறார். ரங்கநாயகி நான்காம் வகுப்பில், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.