லுட்விக்ஸ்பர்க் அரண்மனைக்கு நாலு பேர் போனோம்

இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக, ஆக்லாந்தில் எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு. தம்பி தங்கையோடு ஜெர்மனிக்குப் போகப் போகிற பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜூலை விடுமுறையில் ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து அம்மா, அப்பா, நான், ஆறு வயதுத் தங்கை நிலா, நாலு பேரும் புறப்பட்டோம். அம்மாவின் அக்கா ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு வாரம் அவர் வீட்டில் நின்றுவிட்டு, கடைசி நாள் அரண்மனை பார்த்து, அப்படியே விமான நிலையம் போவதாகத் திட்டம்.

எங்கள் நாலு பேரோடு பெரியம்மாவும் வந்தார். லுட்விக்ஸ்பர்க்குக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். நிலையத்திலிருந்து நடக்கலாம். அரண்மனைக்குள் வழிகாட்டியோடு போக வேண்டும். ஆங்கிலச் சுற்றுகள் குறைவு, நேரத்தை முன்பே பாருங்கள். உள்ளே எங்கும் பொன் பூச்சு, கூரையெல்லாம் ஓவியம். அரசரின் கட்டிலைப் பார்த்த நிலா, இரவில் பயம் வந்தால் இவர் யாரிடம் ஓடுவார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வழிகாட்டி சிரித்துவிட்டார். பயம் வந்தால் நிலா என் கட்டிலுக்குத்தான் வருவாள்.

தோட்டத்துக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். பூப் பாத்திகளைக் கம்பளம் மாதிரி வெட்டியிருக்கிறார்கள். ஒரு செடியும் தன் இஷ்டத்துக்கு வளரவில்லை. சிறுவர்களுக்குப் படகுச் சவாரியும் உண்டு. நிலா ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, பெரியம்மாவோடு ஏறினாள். படகு வளைவில் மறைந்ததும் அப்பா வாசலை நோக்கி நடக்கச் சொன்னார்.

நிலா இன்னும் வரவில்லையே என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவள் இனிப் பெரியம்மான்ர பிள்ளை," என்றார் அப்பா. "எங்கட சனத்தில இது புதுசில்லை. அவவுக்கு ஒருத்தரும் இல்லை. எங்களுக்கு நீ இருக்கிறாய்தானே. அழாத, ஆக்கள் பாக்கினம்."

சொன்னால் எங்களைப் போக விடமாட்டாள் என்பதால் நிலாவிடம் யாருமே சொல்லவில்லை.

பள்ளியில் கேட்டால், கொஞ்ச நாள் பெரியம்மாவோடு நிற்கிறாள் என்று சொல்ல வேண்டுமாம். வேறு ஏதாவது கதைத்தால் அரசாங்க ஆட்கள் என்னையும் இந்த வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுவார்கள் என்கிறார் அப்பா. வீடியோவில் வரும்போதெல்லாம் நிலா ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: தான் படகால் இறங்கியபோது நாங்கள் எங்கே நின்றோம்?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கோடையிலும் அரண்மனை அறைகள் குளிரும். ஜாக்கெட்டைச் சின்னவர்களே போட்டிருக்கட்டும், நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். திரும்பி வர எத்தனை டிக்கெட் என்று புறப்படும் முன்பே கேளுங்கள். படகில் நீங்களும் ஏறுங்கள். இடம் இல்லை என்றாலும் ஏறுங்கள்.

நாளைக்கு என் வகுப்பு ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று...

கதவு தட்டும் சத்தம். அம்மா. அப்பாவுக்குக் கேட்காதபடி மெல்லமாகத்தான் கேட்கிறார்.

"பிள்ளை, நிலான்ர ஜாக்கெட் உன்னட்டையோ இருக்கு?"